கொதிநிலை நிலைபெற்ற வரலாறு: ஆவியாதலும் கொதித்தலும் ஒரே விளக்கத்துள் வந்த பாதை (1687–1861)

ஆய்வுச் சுருக்கம்

தூய நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்பது பள்ளி வேதியியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. இக்கூற்று இயற்கையிலிருந்து நேரடியாகப் படித்தறியப்பட்டதுபோல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆய்வாளர்களோ நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கிறது என்பதிலேயே உடன்பாடு காண இயலாமல் இருந்தனர். 1777இல் லண்டன் ராயல் கழகத்தின் குழுவொன்று வெப்பமானியை நீரிலிருந்து நீராவிக்கு இடம்மாற்றி அப்புள்ளியை நிலைநிறுத்தியது. அது ஏன் நிலைக்கிறது என்ற விளக்கம் டால்டனின் ஆவி அழுத்தக் கோட்பாட்டிலும் (1802), கிளாசியஸின் மூலக்கூறு இயக்கக் கோட்பாட்டிலும் (1857) பின்னரே கிடைத்தது. அளவீடு முந்தியும் விளக்கம் பிந்தியும் வந்த இவ்வரிசையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பாடநூல்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்குவதால் மாணவர்க்கு நேரும் இடர்ப்பாட்டையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவியாதல், கொதித்தல், கொதிநிலை, ஆவி அழுத்தம், உள்ளுறை வெப்பம், மீவெப்ப நீர், டெலுக், டால்டன்

முன்னுரை

ஆவியாதல் நீர்மத்தின் மேற்பரப்பில் எல்லா வெப்பநிலைகளிலும் நிகழ்வது. கொதித்தல் நீர்மம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிகழ்வது. இவ்விரு வரையறைகளையும் அட்டவணையாக எழுதி வேறுபடுத்துக என்பது தேர்வுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் வினா. விடை எழுதும் மாணவர் அவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்ற எண்ணத்துடனேயே மேல்வகுப்புக்குச் செல்கிறார். ஆய்வகத்தில் நீரைக் கொதிக்கவைத்து அளக்கும்போது வெப்பமானி 98 என்றோ 101 என்றோ காட்டினால் தம் கருவியையோ தம் கண்ணையோ ஐயுறுகிறார். சில வேளைகளில் குறிப்பேட்டில் 100 என்றே எழுதிவிடுகிறார்.

அந்த மாணவர் கண்ட எண் பிழையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே குழப்பத்தில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஐரோப்பாவின் தேர்ந்த அளவையாளர்கள் உழன்றனர் என்பதை அறிவியல் வரலாறு காட்டுகிறது. வெப்ப அளவியலின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஹாசோக் சாங் தம் ‘இன்வென்டிங் டெம்பரேச்சர்’ (2004) என்னும் நூலில் இச்சிக்கலை மீட்டெடுத்து முன்வைத்தார். பழைய சோதனைகள் சிலவற்றைத் தாமே மீளச் செய்தும் பார்த்தார். அவர் கவனம் வெப்பநிலை என்னும் அளவு எவ்வாறு உருவானது என்பதில் மையங்கொண்டது. இக்கட்டுரையோ அவ்வரலாற்றை ஆவியாதல், கொதித்தல் என்னும் இரு கருத்துகளின் உறவு நோக்கில் அணுகுகிறது.

இரு கொதிநிலைகள் பொறித்த வெப்பமானி

வெப்பமானி செய்வோர்க்கு மாறாத இரு புள்ளிகள் தேவை. உருகும் பனிக்கட்டி ஒன்றைத் தந்தது. மற்றொன்றாகக் கொதிக்கும் நீரைக் கொள்ளலாம் என்ற கருத்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. கொதிக்கத் தொடங்கிய நீர் மேலும் சூடேறுவதில்லை என்பதைப் பாரிசில் அமோன்தோன் தம் காற்று வெப்பமானியைக் கொண்டு காட்டினார்.

ஆயினும் ‘கொதித்தல்’ என்று எதைச் சொல்வது? நியூட்டன் 1701இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட வெப்ப அளவுகோலில் நீர் கொதிக்கத் தொடங்குவதற்கு ஓர் எண்ணும் (33), கடுமையாகக் கொதிப்பதற்கு வேறோர் எண்ணும் (34) தரப்பட்டுள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் அறிவியல் கருவிகள் செய்த மூத்த ஜார்ஜ் ஆடம்ஸின் வெப்பமானியொன்று அந்நகரின் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் 204 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எதிரே நீர் கொதிக்கத் தொடங்குகிறது என்றும், 212க்கு எதிரே நீர் கடுமையாகக் கொதிக்கிறது என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. செல்சியஸ் அளவில் இவ்விடைவெளி 4 டிகிரிக்கும் மேல். நிலைப்புள்ளி என்று கொள்ளப்பட்டது உண்மையில் ஒரு பட்டையாகவே இருந்தது என்பதற்கு இக்கருவி நேரடிச் சான்று.

இதற்குக் காரணங்கள் பல. அடுப்பின் மேலுள்ள கலத்தில் அடிப்பகுதி நீர் முந்திச் சூடாகும். அங்கே தோன்றும் குமிழிகள் மேலே உள்ள தண்ணிய நீரில் ஏறும்போதே சுருங்கி மறையும். நீரில் கரைந்துள்ள காற்றும் வெப்பம் ஏற ஏறக் குமிழிகளாக வெளியேறும். வெப்பமானியின் குமிழை எந்த ஆழத்தில் வைப்பது, கலம் எப்பொருளால் ஆனது, நெருப்பு எவ்வளவு வலிது என்பவற்றைப் பொறுத்து அளவு மாறியது. இவற்றுள் எந்தக் கட்டத்தைக் கொதித்தல் என்று பெயரிட வேண்டும் என்பது அளவையாளரின் முடிவுக்கே விடப்பட்டிருந்தது.

அழுத்தமும் மலையும்

முதலில் பிடிபட்ட காரணி வளிமண்டல அழுத்தம். பாதரச வெப்பமானியைச் செம்மைப்படுத்திய ஃபாரன்ஹீட் 1724இல் ராயல் கழகத்தின் இதழில் பல நீர்மங்களின் கொதிநிலைகளை வெளியிட்டார். மழைநீருக்கு 212, சாராயத்துக்கு 176, கந்தக அமிலத்துக்கு 546 என அவர் தந்த எண்கள் ஒவ்வொரு நீர்மத்துக்கும் தனிக் கொதிநிலை உண்டு என்பதைத் தெளிவாக்கின. பாரமானியின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப நீரின் கொதிநிலையும் மாறுகிறது என்பதையும் அவர் கண்டுகூறினார். 1742இல் தம் நூறு பகுப்பு அளவுகோலை முன்மொழிந்த செல்சியஸும் அழுத்தத்தைக் குறிப்பிட்டே கொதிநிலையை வரையறுத்தார். அவருடைய அளவுகோலில் நீரின் கொதிநிலை சுழியாகவும் உறைநிலை 100ஆகவும் இருந்தன. இன்றைய வரிசை அவர் மறைவுக்குப்பின் வழக்குக்கு வந்தது.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்றால், கொதிநீரைக் கொண்டே மலையின் உயரத்தை அறியலாம். இவ்வெண்ணம் ஜெனீவாவைச் சேர்ந்த ழான் ஆந்த்ரே டெலுக்கை (1727–1817) ஆல்ப்ஸ் மலைகளுக்கு இட்டுச்சென்றது. வெப்பமானி, பாரமானி, கொதிகலம் ஆகியவற்றுடன் அவரும் அவருடைய தம்பியும் 1770இல் 3,000 மீட்டருக்கும் உயரமான பூயே சிகரத்தை அடைந்தனர். இவ்வளவீடுகளை ஒழுங்குபடுத்த முற்பட்டபோதே கொதித்தல் என்னும் நிகழ்வின் இயல்பு தமக்கு விளங்கவில்லை என்பதை டெலுக் உணர்ந்தார். அழுத்தம் ஒன்றாக இருந்தபோதும் அளவுகள் ஒன்றாக வரவில்லை.

டெலுக்கின் காற்றற்ற நீர்

நீரில் கரைந்த காற்றே குழப்பத்தின் மூலம் என்று டெலுக் கருதினார். காற்று வெளியேறுவதால் தோன்றும் குமிழிகளை மக்கள் கொதித்தல் என்று மயங்குகின்றனர். காற்றை முற்றும் நீக்கிவிட்டால் வெப்பத்தால் மட்டும் நிகழும் ‘உண்மைக் கொதித்தல்’ ஒரே புள்ளியில் வெளிப்படும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கொதிக்கவைத்த நீரைக் கண்ணாடிக் குடுவையில் நிரப்பி மூடி, ஆறவிட்டு, பின்னர் அதைத் தொடர்ந்து குலுக்கினார். குலுக்கக் குலுக்கக் காற்று நுண்குமிழிகளாகப் பிரிந்தது. இப்பணி நான்கு வாரங்கள் நீடித்தது. உறங்கும் நேரமும், இரு கைகளும் தேவைப்படும் வேலைகளும் தவிர மற்ற வேளைகளில், உண்ணும்போதும் நண்பர்களைச் சந்திக்கும்போதும் குடுவை அவர் கையில் ஆடிக்கொண்டே இருந்தது என அவரே பதிவுசெய்துள்ளார்.

விளைவு அவருடைய எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக அமைந்தது. காற்று நீங்கிய நீர் வழக்கமான கொதிநிலையில் கொதிக்கவே இல்லை. ஏறத்தாழ 112 டிகிரி செல்சியஸ் வரை அமைதியாகச் சூடேறிப் பின்னர் வெடிப்புடன் பொங்கியது. அழுக்கென்று அவர் நீக்கிய காற்றே நீரை உரிய புள்ளியில் கொதிக்கச் செய்துவந்தது என்பது இதனால் வெளிப்பட்டது. நீர் தூயதாக ஆக ஆக அதன் கொதிநிலை உறுதிப்படும் என்ற நம்பிக்கை இங்கே உடைந்தது. 1772இல் வெளிவந்த அவருடைய வளிமண்டலம் பற்றிய பெருநூல் இச்சிக்கலை முழுமையாகத் தீர்க்கவில்லை. ஆயினும் மறைக்காமல் பதிவுசெய்தது.

1777: நீரிலிருந்து நீராவிக்கு

1773இல் இங்கிலாந்தில் குடியேறிய டெலுக் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். வெப்பமானிகளின் நிலைப்புள்ளிகளை ஒழுங்குபடுத்த அக்கழகம் 1776இல் ஏழுவர் குழுவொன்றை அமைத்தது. ஹென்றி கேவண்டிஷ் தலைமையேற்ற அக்குழுவில் டெலுக்கும், அரசு வானியலாளர் மஸ்கலினும் இடம்பெற்றனர். 1777இல் வெளியான குழுவின் அறிக்கை கொதிநீரின் வெப்பநிலை கலத்துக்குக் கலம், ஆழத்துக்கு ஆழம், நெருப்புக்கு நெருப்பு மாறுவதை ஏற்றுக்கொண்டது. அதே வேளையில் மூடிய கலத்தில் நீருக்கு மேலே நிறையும் நீராவியின் வெப்பநிலை இம்மாற்றங்களால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதையும் கண்டது. ஆகவே வெப்பமானியை நீரில் அமிழ்த்தாமல் நீராவியில் நிறுத்த வேண்டும் என்றும், பாரமானி 29.8 அங்குலம் காட்டும் அழுத்தத்தையே செந்தரமாகக் கொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கொதிக்கும் நீரின் வெப்பநிலை என்ன என்ற வினாவுக்கு விடை காணாமலேயே குழு நிலைப்புள்ளியை அமைத்துவிட்டது என்பது இங்கே நோக்கத்தக்கது. வினாவையே அது மாற்றிக்கொண்டது. ‘கொதிநிலை’ என்று இன்றும் வழங்கும் சொல் அன்றுமுதல் அளவியலில் நீராவிநிலையைக் குறிக்கிறது. நீராவி ஏன் நிலையான வெப்பநிலை கொண்டுள்ளது என்பதற்கு அக்காலத்தில் எல்லோரும் ஏற்ற விளக்கம் இல்லை. அவ்விளக்கத்துக்குத் தேவையான கூறுகள் வேறு இரு ஆய்வுத் தடங்களில் உருவாகிக்கொண்டிருந்தன. ஒன்று வெப்பத்தின் அளவு பற்றியது. மற்றது ஆவியின் இயல்பு பற்றியது.

மறைந்துபோகும் வெப்பம்

ஆவியாதல் குளிர்ச்சி தரும் என்பது பழைய பட்டறிவு. அதை ஆய்வகச் சோதனையாக்கியவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன். 1756இல் வெளியான அவருடைய கட்டுரை காற்றை வெளியேற்றிய கலத்தினுள் ஈதர் விரைந்து ஆவியாகிச் சூழ்ந்த நீரை உறையவைத்ததைத் தெரிவிக்கிறது. 1758இல் கேம்பிரிட்ஜில் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஹேட்லியும் வெப்பமானியின் குமிழை ஈதரால் நனைத்துத் துருத்தியால் ஊதி, அதை 7 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறக்கினர். நீரின் உறைநிலை 32 டிகிரி, அறையோ வெதுவெதுப்பானது.

கல்லனின் மாணவர் ஜோசப் பிளாக் இதன் மறுபக்கத்தை நோக்கினார். நீர் கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பு வெப்பம் தருவதை நிறுத்துவதில்லை, வெப்பமானியோ ஏறுவதில்லை. எனில் அவ்வெப்பம் எங்கே செல்கிறது? 1762இல் அவர் செய்த சோதனை மிக எளியது. தட்டையான தகரக் கலத்தில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த நீரைச் சிவக்கக் காய்ந்த இரும்புத் தட்டின்மேல் வைத்தார். 4 நிமிடங்களில் நீர் கொதித்தது. முழுவதும் வற்ற மேலும் 20 நிமிடங்கள் ஆயின. 162 டிகிரி ஏறுவதற்கு 4 நிமிடம் என்றால், 20 நிமிடத்தில் புகுந்த வெப்பம் 810 டிகிரி ஏற்றத்துக்கு ஈடானது. அவ்வளவு வெப்பமும் வெப்பமானிக்குப் புலப்படாமல் நீராவியில் அடங்கியுள்ளது. அதற்கு அவர் இட்ட பெயரே உள்ளுறை வெப்பம். இன்றைய அளவீட்டின்படி அவ்வெண் ஏறத்தாழ 970 இருக்க வேண்டும். அடுப்பும் கடிகாரமும் மட்டும் கொண்டு செய்த சோதனைக்கு இது வியப்பூட்டும் நெருக்கம்.

பிளாக்கின் கண்டுபிடிப்பு இரு செய்திகளை ஒருங்கே விளக்கியது. நீர் ஒரே கணத்தில் ஆவியாகிவிடாமல் சிறிது சிறிதாகவே வற்றுவது ஏன் என்பதும், ஆவியாகும் நீர்மம் தன் சூழலைக் குளிர்விப்பது ஏன் என்பதும் ஒரே கணக்கில் அடங்கின. அடுப்பின் மேல் கொதிக்கும் நீரும் மேசைமேல் உலரும் ஈதரும் ஒரே வகையான வெப்பக் கடனைச் செலுத்துகின்றன. ஒன்றுக்கு நெருப்பு தருகிறது; மற்றொன்று தன்னிடமும் தன் அண்டையிலும் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. ஆவியாதலும் கொதித்தலும் நெருங்கி வந்த முதற்கட்டம் இதுவே எனலாம்.

நீர் காற்றில் கரைகிறதா?

ஆவியாதலை முதன்முதலில் அளந்து எண்ணாகச் சொன்னவர்களுள் எட்மண்ட் ஹாலி குறிப்பிடத்தக்கவர். 1687இல் வெளியான கட்டுரையில், கடல்நீரை ஒத்த உப்புநீரைக் கலத்தில் இட்டுத் தராசில் தொங்கவிட்டு, கோடைக்கால வெப்பநிலையில் அது 12 மணி நேரத்தில் ஏறத்தாழ அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கணித்தார். அதைக் கொண்டு மத்தியதரைக் கடலிலிருந்து நாளொன்றுக்கு 528 கோடி டன் நீர் ஆவியாகிறது என்றும், அதில் கலக்கும் ஒன்பது பேராறுகள் கொண்டுவருவது 182.7 கோடி டன் மட்டுமே என்றும் மதிப்பிட்டார். ஆறுகள் பாய்ந்தும் கடல் நிரம்பி வழியாதது ஏன் என்ற பழைய வினாவுக்கு இது விடையாயிற்று. கொதிக்காத நீரும் பெருமளவில் ஆவியாகிறது என்பது இதனால் எண்ணளவில் நிலைநாட்டப்பட்டது.

கொதிக்காத நீர் எவ்வாறு காற்றில் ஏறுகிறது? 1751இல் மோன்பெலியேவைச் சேர்ந்த சார்ல் லெருவா ஓர் அழகிய விடை தந்தார். உப்பு நீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைகிறது. வெந்நீரில் உப்பு மிகுதியாகக் கரைவதுபோல வெப்பக்காற்றில் நீர் மிகுதியாகக் கரையும். காற்று குளிர்ந்தால் கரைந்தது பிரிந்து பனித்துளியாகும். இவ்விளக்கம் அக்காலத்தில் பெருவழக்குப் பெற்றது. ஆயின் அது ஆவியாதலையும் கொதித்தலையும் முற்றிலும் பிரித்துவைத்தது. ஆவியாதலுக்குக் கரைப்பானாகிய காற்று தேவை. கொதித்தலுக்கு நெருப்பு போதும். காற்றில்லா வெற்றிடத்தில் நீர்மங்கள் முன்னிலும் விரைந்து ஆவியாவதைக் கல்லனின் ஈதர் சோதனை காட்டியிருந்தது கரைசல் கோட்பாட்டுக்குப் பெரும் இடையூறாக நின்றது. லவாசியே இதை எதிர்த்திசையிலிருந்து நோக்கினார்: வளிமண்டலத்தின் அழுத்தம் இல்லையெனில் நிலைத்த நீர்மங்களே இரா என்று 1789இல் வெளிவந்த தம் வேதியியல் நூலில் எழுதினார்.

தீர்வு மான்செஸ்டரிலிருந்து வந்தது. நாள்தோறும் வானிலையைக் குறித்துவந்த ஜான் டால்டன், 1801இல் வாசித்து 1802இல் அச்சான தம் கட்டுரைகளில் ஆவி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். பாதரசப் பாரமானிக் குழாயின் மேலுள்ள வெற்றிடத்துக்குள் சில துளி நீரைச் செலுத்தினார். பாதரச மட்டம் உடனே சிறிது இறங்கியது. அந்த இறக்கமே நீராவியின் அழுத்தம். குழாயை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து அவர் அட்டவணை தயாரித்தார். காற்று உள்ள கலத்திலும் அதே வெப்பநிலையில் நீராவி அதே அழுத்தத்தையே சேர்க்கிறது என்பது அவருடைய முதன்மையான முடிவு. ஆவிக்குக் காற்று கரைப்பானாகத் தேவையில்லை. காற்று ஆவியாதலின் வேகத்தைக் குறைக்கலாம்; அதன் எல்லையை மாற்றுவதில்லை. ஆவியாதலின் விரைவு நீரின் வெப்பநிலைக்குரிய ஆவி அழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது என்றும் அவர் காட்டினார். ஈரப்பதம் மிக்க நாளில் துணி உலரத் தாமதமாவதன் காரணம் இதுவே.

இவ்வட்டவணையின் ஓரிடத்தில் கொதித்தல் தானே வந்து அமர்ந்தது. ஆவி அழுத்தம் வெப்பநிலையுடன் தொடர்ந்து உயர்கிறது. அது வெளியழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலையே கொதிநிலை. இன்றைய அளவுகளில் கூறினால், நீரின் ஆவி அழுத்தம் 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பாதரசம். 100 டிகிரியில் 760. ஈதரின் ஆவி அழுத்தம் 760ஐ 35 டிகிரி அளவிலேயே எட்டிவிடுகிறது. ஃபாரன்ஹீட் கண்ட வெவ்வேறு கொதிநிலைகளும், டெலுக் மலையுச்சியில் கண்ட தாழ்ந்த கொதிநிலையும், 1777ஆம் ஆண்டுக் குழு கண்ட நீராவியின் நிலைத்தன்மையும் ஒரே வளைகோட்டின் புள்ளிகளாயின. எல்லா நீர்மங்களின் ஆவி அழுத்தங்களும் தத்தம் கொதிநிலையிலிருந்து சமதொலைவில் சமமாக இருக்கும் என்று டால்டன் கூறிய பொதுவிதி பின்னர்த் தவறெனத் தெரிந்தது. அட்டவணையின் அடிப்படைக் கருத்தோ நிலைத்தது.

மூலக்கூறுகளின் வரவுசெலவு

ஆவி அழுத்தம் என்பது எவ்வளவு என்று டால்டன் சொன்னார். அது எவ்வாறு தோன்றுகிறது என்பதை 1857இல் ருடால்ஃப் கிளாசியஸ் விளக்கினார். நீர்மத்தின் மூலக்கூறுகள் ஓயாது இயங்குகின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் அல்ல. சராசரியைவிட மிகுந்த வேகத்துடன் மேற்பரப்பை அடையும் மூலக்கூறு அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பை மீறி வெளியேறுகிறது. வேகமிக்கவை நீங்க, எஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது, நீர்மம் குளிர்கிறது. கல்லன் கண்ட குளிர்ச்சிக்கும் பிளாக் கணித்த உள்ளுறை வெப்பத்துக்கும் இங்கே இயக்க முறையிலான பொருள் கிடைத்தது.

கலம் மூடியிருப்பின் வெளியேறிய மூலக்கூறுகளுள் சில மேற்பரப்பில் மோதி மீள்கின்றன. மேலே ஆவி செறியச் செறிய மீள்வோர் தொகை பெருகி, ஒரு கட்டத்தில் செல்வதும் வருவதும் சமமாகின்றன. ஆவியாதல் அப்போது நின்றுவிடுவதில்லை. வரவும் செலவும் ஒத்துப்போவதால் நின்றதுபோல் தோன்றுகிறது. அச்சமநிலையில் ஆவி தரும் அழுத்தமே டால்டன் அளந்த அழுத்தம்.

குமிழி எழுவதற்கான தடை

இவ்வளவும் தெளிந்த பின்னும் டெலுக்கின் நீர் எழுப்பிய வினா எஞ்சியிருந்தது. ஆவி அழுத்தம் வெளியழுத்தத்தை எட்டிய பின்னும் அந்நீர் கொதிக்காமல் 112 டிகிரி வரை சென்றது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினா கூர்மையடைந்தது. உலோகக் கலத்தைவிடக் கண்ணாடிக் கலத்தில் நீர் 1 டிகிரிக்கும் மேலான வெப்பநிலையில் கொதிப்பதையும், அதில் இரும்புத் தூளை இட்டால் மீண்டும் 100க்கு இறங்குவதையும் கேலுசாக் கண்டார். 1846இல் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா டோனி, காற்று நீக்கிய நீரைத் தனிவகைக் குழாயில் 137 டிகிரி வரை கொண்டுசென்றார். 1861இல் லூயி டுஃபூர் நீரின் அடர்த்திக்கு ஈடான எண்ணெய்க் கலவையில் நீர்த்துளிகளை மிதக்கவிட்டுத் திண்மச் சுவரின் தொடர்பையே நீக்கினார். அத்துளிகள் சாதாரண அழுத்தத்தில் 178 டிகிரி வரை நீராகவே இருந்தன.

இச்சோதனைகளிலிருந்து டோனி வகுத்த கருத்து கட்டுரையின் மையப் பொருளுக்கு இன்றியமையாதது. கொதித்தல் என்பது நீருக்குள் இருக்கும் வளிமக் குமிழிகளின் உட்பரப்பை நோக்கி நிகழும் ஆவியாதலே என்றார் அவர். மேற்பரப்பு என்பது நீரின் உச்சியில் மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு குமிழியும் நீருக்கு ஓர் உள்மேற்பரப்பைத் தருகிறது. குமிழியே இல்லாவிடில் ஆவியாவதற்கு உள்ளே இடமில்லை.

பரப்பு இழுவிசையைக் கொண்டு இதை இன்று எளிதாகக் கணிக்கலாம். குமிழியின் சுவர் இழுத்துக்கட்டிய சவ்வுபோல் அதைச் சுருக்க முயல்கிறது. குமிழி சிறிதாக ஆக அச்சுருக்கும் அழுத்தம் மிகுகிறது. 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள, ஆவி மட்டுமே நிறைந்த குமிழி நீரில் நிலைக்க வளிமண்டல அழுத்தத்துக்கு மேலாக இன்னும் ஒரு மடங்குக்கும் கூடுதலான அழுத்தம் தேவை. நீரின் வெப்பநிலை 120 டிகிரியைத் தாண்டினால்தான் ஆவி அழுத்தம் அவ்வளவு உயரும். சுழி அளவிலிருந்து ஒரு குமிழி பிறப்பது எவ்வளவு அரிது என்பதை இதனால் உணரலாம். கலத்தின் கீறல்களிலும் தூள்களின் பிளவுகளிலும் சிக்கிய காற்று இத்தொடக்கத் தடையை நீக்கித் தருகிறது. நீரில் கரைந்திருந்து பிரியும் காற்றும் அவ்வாறே. அத்தகைய வித்துகள் இன்றி மீவெப்பமடைந்த நீர் சிறு அசைவிலும் பொங்கிச் சீறும். வாலைவடிக்கும் குடுவையில் மெருகிடாத பீங்கான் துண்டுகளை நீர்மம் சூடேறும் முன்பே இட வேண்டும் என்று ஆய்வகங்களில் அறிவுறுத்துவதும், நுண்ணலை அடுப்பில் வழுவழுப்பான குவளையில் காய்ந்த நீர் கையில் எடுத்ததும் பொங்கிச் சுடுவதும் டெலுக்கின் குடுவையோடு தொடர்புடைய செய்திகள்.

1777ஆம் ஆண்டுக் குழு நீராவியைத் தேர்ந்ததன் பொருத்தமும் இங்கே விளங்குகிறது. நீர் எவ்வளவு மீவெப்பமடைந்திருந்தாலும், வெளிவந்த நீராவி வெப்பமானியின் மேல் துளியாகப் படிந்து, அத்துளியுடன் வரவுசெலவுச் சமநிலை கொள்கிறது. அச்சமநிலைக்குக் குமிழி பிறக்க வேண்டிய தேவையில்லை. தட்டையான நீர்ப்பரப்பே போதும். ஆகவே கொதிநிலை எனப்படுவது, கூர்ந்து நோக்கின், கொதித்தலைச் சாராமல் ஆவியாதலின் சமநிலையைச் சார்ந்த புள்ளியாகும்.

வகுப்பறைக்கு வரும்போது

இவ்வரலாறு வேதியியல் கற்பித்தலில் மூன்று இடங்களில் பயன்படும். முதலாவது, கொதிநிலையை அழுத்தத்துடன் சேர்த்தே கூற வேண்டும் என்பது. 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 92 முதல் 93 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அங்குள்ள ஆய்வகத்தில் 100 என்று பதிவுசெய்யும் மாணவர் கண்டதை எழுதவில்லை. சமவெளியிலும்கூட 100 என்ற எண் இன்று வரையறையாக இல்லை. 1954இல் வெப்பநிலை அளவுகோல் நீரின் மும்மைப்புள்ளியை அடிப்படையாகக் கொண்டது. 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு அளவுகோலின்படி ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நீரின் கொதிநிலை 99.97 டிகிரி. செந்தர அழுத்தமாக 1 பார் கொள்ளப்படின் அது 99.6 டிகிரி.

இரண்டாவது, ஆவியாதலையும் கொதித்தலையும் வேறுபடுத்தும் அட்டவணைக்கு முன்பாக அவற்றை இணைக்கும் ஆவி அழுத்த வளைகோட்டைக் கற்பிப்பது. அழுத்தக் கலத்தில் சமைக்கும்போது கொதிநிலை உயர்வதும், வெற்றிடத்தில் வாலைவடிக்கும்போது குறைவதும் அவ்வளைகோட்டிலிருந்து தாமே பெறப்படும். தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, சொல்லாட்சி பற்றியது. தமிழில் ‘ஆவி’ என்னும் ஒரே சொல் உலரும் துணியிலிருந்து செல்வதையும் கொதிகலத்திலிருந்து எழுவதையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றே என்ற டால்டனின் முடிவுக்கு இச்சொல் இயல்பாகவே துணைநிற்கிறது. அதே சொல் ஒரு மயக்கத்துக்கும் இடமளிக்கிறது. உலையின் மேல் வெண்மையாகப் புகைவதைப் பேச்சுவழக்கில் ஆவி என்கிறோம்; அது ஆவி குளிர்ந்து உருவான நுண்துளிகளின் திரள். உண்மையான நீராவி கண்ணுக்குப் புலப்படாது. கெண்டியின் மூக்குக்கும் வெண்புகைக்கும் இடையே வெறுமையாகத் தோன்றும் சிறு இடைவெளியிலேயே அது உள்ளது. இதை ஆசிரியர் ஒருமுறை சுட்டிக்காட்டினால், ஆவி என்பதை வளிமமாகக் கருதும் பழக்கம் மாணவரிடம் உறுதிப்படும்.

முடிவுரை

கொதிக்கும் நீர் மாறாத புள்ளி தரும் என்ற நம்பிக்கையுடன் தொடங்கிய அளவையாளர்கள், அது அழுத்தத்தாலும் கலத்தாலும் கரைந்த காற்றாலும் மாறுவதைக் கண்டனர். விளக்கம் கிடைக்கும்வரை காத்திராமல் வெப்பமானியை நீராவிக்கு நகர்த்திப் புள்ளியை நிலைநிறுத்தினர். பிளாக், டால்டன், கிளாசியஸ் ஆகியோரின் பணிகள் அந்நடைமுறை முடிவுக்குப் பின்னர்க் காரணம் கற்பித்தன. டோனியும் டுஃபூரும் செய்த சோதனைகள், மேற்பரப்பு உள்ள இடமெல்லாம் ஆவியாதல் என்றும், அம்மேற்பரப்பு நீருக்குள்ளேயே குமிழியாக விரிய இயலும் நிலை கொதித்தல் என்றும் இரண்டையும் இணைத்தன.

பாடநூல் இவ்வரலாற்றின் இறுதி எண்ணை மட்டும் முதற்பக்கத்தில் வைக்கிறது. நிபந்தனைகள் நீங்கிய அவ்வெண் மாணவரைத் தம் அளவீட்டின்மேல் ஐயம் கொள்ளச் செய்கிறது. டெலுக் தம் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த 112ஐ அவ்வாறே எழுதிவைத்ததால்தான் அடுத்த தலைமுறைகளுக்கு ஆராய ஒரு சிக்கல் கிடைத்தது. வெப்பமானி 98 காட்டினால் 98 என்றே எழுதி, அன்றைய பாரமானி அளவையும் அதனருகே குறிக்கும் பழக்கத்தை இளநிலை ஆய்வகங்களில் ஏற்படுத்துவது இவ்வரலாறு தரும் நேரடிப் பயன்.